பழைய பெயிண்டின் தூசி

காரக்கோணம் கேரள எல்லையில் உள்ள ஊர். பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை என்று நாலு பக்கமும் வீட்டு வேலை நடக்கிறது. காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் கொத்தனார், கையாள், பெயிண்டர் என்று பலர் உண்டு.

ஒரு பெயிண்டரைப் பார்ப்போம். பாறசாலையில் ஒரு பழைய வீட்டில் அவருக்கு வேலை. கதவிலும் ஜன்னலிலும் பழைய எனாமல் பெயிண்ட். பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு. உப்புத்தாளால் தேய்க்கிறார். தூசி பறக்கிறது. மூக்கில் துண்டு கட்டியிருக்கிறார். பதினொரு மணிக்குக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வடை தின்கிறார். மாலையில் அதே சட்டையோடு வீட்டுக்கு வருகிறார். இரண்டு வயது மகள் ஓடிவந்து தோளில் ஏறிக்கொள்கிறாள்.

அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். இது பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் அல்ல. அது வெள்ளீயம். இது காரீயம். மீன்வலை ஓரத்தில் குண்டாகக் கட்டுகிறார்களே, அதுதான். நிறம் எடுப்பாக இருக்கவும், சீக்கிரம் காயவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் முன்பு பெயிண்டில் இதைச் சேர்த்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் அதிகம் இருந்தது. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தப் பயம் இல்லை.

2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல், வீட்டுக்குப் பூசும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. சரி, புது டப்பாவுக்கு விதி வந்தது. பழைய கதவில் இருப்பது எங்கே போகும்? அது பெயிண்டர் கையில்தான் உதிர்கிறது.

ஈயம் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் உடம்பில் சேரும். எலும்பில் பல வருடம் தங்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, சோர்வு, ரத்தசோகை வரும். முற்றினால் மணிக்கட்டு தளர்ந்து தொங்கும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வாய்வழி போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட 4, 5 மடங்கு குழந்தையின் உடம்பில் சேரும். மூளை வளர்ச்சி கெடும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தாய் வழியாகப் போகும்.

வயிற்றுவலியை வாயு என்று நினைத்து ஓமத்திரவம் குடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் போனால், "நான் பெயிண்டர், பழைய பெயிண்டைச் சுரண்டுகிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய இது உதவும். காரக்கோணத்திலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

தூசியை எழுப்பாமல் வேலை செய்ய முடியுமா? முடியும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உதிர்ந்ததைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கும் கையாள் பெண்தான் அதை மூச்சில் வாங்குவாள். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். தீ காட்டி பெயிண்டை உரிப்பது மிக மோசம், புகையே விஷம். துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோறு, பீடி, வெற்றிலை எதையும் தொடக் கூடாது. வேலைச் சட்டையை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் அதைத் தனியாகத் துவையுங்கள்.

நனைத்துத் தேய்த்தால் மரம் காய வேண்டும். ஒரு நாள் கூடும். "அந்தக் கூலியை யார் தருவார், அண்ணே?" என்று கையாள் கேட்பான். நியாயமான கேள்வி. வேலை தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. கூலி பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். உதிரும் தூசி அவர் வீட்டுக் குழந்தை தவழும் தரையிலும்தான் விழுகிறது.