பேப்பருக்கு முதலாளி யார்?

"பேப்பர்ல போட்டிருக்கே, பொய்யா இருக்குமா?" என்று லயத்திலும் கேட்கிறார்கள், நாங்கள் இருக்கும் அட்டாளைச்சேனைக் கடற்கரையிலும் கேட்கிறார்கள். பொய் எழுதாமலேயே ஒரு விஷயத்தை மறைக்கலாம்; அதை எழுதாமல் விட்டால் போதும். எதைப் போடுவது, எதை விடுவது என்பதில் கடைசிச் சொல் முதலாளியுடையது. ஆகவே முதலாளி யாரென்று அறிவதே இன்றைய பாடம்.

தோட்டங்களின் கதையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 'தினகரன்' 1932இல் லேக்ஹவுஸ் நிறுவனத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. 1973இல் ஒரு சட்டத்தின் மூலம் லேக்ஹவுஸ் பங்குகளில் 75 வீதம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. இலங்கை வானொலி முன்பே அரசாங்கத்துடையது. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போகும்வரை, பெரும்பாலான தோட்டங்களுக்கு யார் துரையோ அவரேதான் அந்தப் பேப்பருக்கும் ரேடியோவுக்கும் துரை! வேலைநாள் குறைந்தால், சம்பளம் பிந்தினால், அதைத் துரையின் பேப்பரே எழுதுமா? 1930இல் தொடங்கிய 'வீரகேசரி' தனியார் கையில் இருந்ததால், தட்டுவதற்கு இன்னொரு கதவாவது இருந்தது.

அப்படியானால் தனியாரிடம் விட்டால் சரியாகிவிடுமா? 1990களில் தனியார் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. பெயர்கள் பல, கைகள் சில. சிரசவும் சக்தியும் மகாராஜா குழுமத்துடையவை. ஹிருவும் சூரியனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லங்காதீப, டெய்லி மிரர், தமிழ் மிரர் மூன்றும் விஜய நிறுவனத்துடையவை. பீலி மூன்றானாலும் ஊற்று ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். பேப்பருக்குப் பெரிய வருமானம் விளம்பரம். விளம்பரம் கொடுப்பவை பெரிய வர்த்தகக் குழுமங்கள். அப்படிப்பட்ட குழுமங்களில் சில, தோட்டக் கம்பனிகளையும் வைத்திருக்கின்றன.

ஊரிலேயே வானொலி இருந்தால் போதுமா? எங்கள் அட்டாளைச்சேனையில் 'பிறை எஃப்.எம்.' அமைந்தது. உங்கள் பக்கம் கொத்மலையில் 1989இலேயே சமூக வானொலி தொடங்கியது. ஊர்ப் பேச்சு ஊர் வானொலியில் கேட்பது நல்லதுதான். ஆனால் இரண்டையும் நிறுவியது கொழும்பிலுள்ள இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். பக்கத்தில் இருப்பது வேறு, நம்முடையதாக இருப்பது வேறு.

இதற்காகப் பேப்பரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பார்த்துப் படிக்கச் சொல்கிறோம். நாட்சம்பளப் பேச்சு நடக்கிறதென்றால், வேறு வேறு முதலாளிகளின் இரண்டு பேப்பரை எடுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இதை வெளியிடுவது யார்?
2. இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்?
3. கம்பனி சொன்னது இருக்கிறது. கொழுந்து எடுப்பவர் சொன்னது எங்கே?

மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு பேப்பர் போடாவிட்டால் அடுத்ததற்கு அனுப்புங்கள். முதலாளிகள் பலராக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.