கண்கட்டிக்கு நாமக்கட்டி போதுமா?

ஸ்ரீரங்கத்தில் இமையோரம் சிவந்து ஒரு கட்டி எழும்பினால், வைத்தியம் வீட்டிலேயே தயார். சந்தனக் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நாமக்கட்டியை உரைத்து, விரலால் வழித்து இமைமேல் ஒரு பற்று. ஈரம் இருக்கும்வரை குளுகுளுவென்று இருக்கும். காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும். சில நாளில் கட்டி உடைந்தும் விடும். பேர் நாமக்கட்டிக்கு. உண்மையில் கண்கட்டி, பற்றுப் போட்டாலும் போடாவிட்டாலும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடுகிற சமாச்சாரம்.

பற்றா, ஒத்தடமா என்றால் ஒத்தடம்தான். இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்து, உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். அது இளகச் சூடு வேண்டும், குளிர்ச்சி அல்ல. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில், ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நாலு வேளை. களிமண் துகள் கண்ணுக்குள் போய் உறுத்தும் தொல்லையும் இதில் இல்லை. கட்டியைப் பிதுக்கவே கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு மூன்றாவது வழி, மூன்றிலும் மோசமானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு சீக்கிரம் வடியும். ஆனால் நாள்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் ஏறலாம்.

குடும்ப டாக்டரிடம் போனால் அவர் பார்க்க வேண்டியது முக்கியமாக மூன்று: வலிக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, அந்த இடத்தில் இமைமுடி இருக்கிறதா. வலியோடு புதிதாக வந்தது கண்கட்டி. வலியில்லாமல் பட்டாணிபோல் உருண்டிருப்பது கலேசியான். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கிடக்கும், ஒத்தடத்துக்கே பலதும் கரையும். இமையில் மூக்கோரம் மஞ்சளாகப் படரும் தடிப்புக்குக் கத்தியைவிட முதலில் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை அவசியம். கட்டி திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவது கேள்விதான் அதிகம் விட்டுப்போவது. அறுபது வயதுக்காரருக்கு ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ‘கலேசியான்’ வருகிறது, அங்கே இமைமுடி உதிர்ந்திருக்கிறது, ஓரம் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான். ஒரு கண்ணில் மட்டும் இமையழற்சி மருந்துக்கு மசியாமல் நீடித்தாலும் அப்படியே. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் இமைப் புற்றுநோய் என்றதும் அடித்தோல் செல் புற்றைத்தான் முதலில் சொல்லும். அங்கே அதுதான் மிகுதி. நம் நாட்டுக் கணக்கு வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 536 நோயாளிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது எண்ணெய்ச் சுரப்பிப் புற்று. சாதாரணக் கட்டியைப் போலவே வேஷம் போடுவது அதன் குணம். வலிக்கவில்லையே என்று ஆறுதல் அடைவது இந்த வயதில் ஆபத்து.

எங்கே போவது? திருச்சிக்காரர்களுக்கு இதில் குறையில்லை. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த புத்தூர் அரசு மருத்துவமனை இருக்கிறது; 1934-இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை இருக்கிறது. கரையாத கலேசியானுக்கு அங்கே இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, மரத்துப்போக ஊசி போட்டு, இமையைத் திருப்பி உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பது. வெளியே தழும்பு தெரியாது, சில நிமிட வேலை. மற்றொன்று, கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி. கண்ணீர் வடிகாலை ஒட்டிய கட்டிக்குக் கத்தி வைக்கத் தயங்கும்போது ஊசி கைகொடுக்கும். ஆனால் கறுத்த, மாநிறத் தோலில் ஊசி போட்ட இடம் வெளுத்துப்போகலாம். நம்மூரில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். வயதானவருக்கோ, திரும்பி வந்த கட்டிக்கோ சுரண்டல்தான் சரி, சுரண்டியதைப் பயாப்ஸிக்கு அனுப்பவும் சொல்ல வேண்டும். ஊசி போட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் கையில் இருக்காது.

குழந்தைக்கு இமை முழுக்க வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, கண் பிதுங்கினாலோ, கண்ணை உருட்ட வலித்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ மேலே சொன்ன எந்தத் தேர்வும் கிடையாது. காலை ஓ.பி. திறக்கட்டும் என்று இராமல் அன்று இரவே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.