ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரனுக்கு

அன்புள்ள தம்பி,

மதுராந்தகத்தில் வீடு, சென்னையில் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வருவேன், அதனால் பராமரிப்பே வேண்டாத தோட்டம் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் நீ போட்டிருக்கும் பட்டியல் இருக்கிறதே! கொரியன் புல், வெள்ளைக் கூழாங்கல், மதிலோரம் கோனோகார்பஸ். இவை உன்னை ஒரு ஞாயிறும் உட்கார விடாது.

புல்லுக்குத் தண்ணீரும் வெட்டுக்கூலியும் ஓயாது. கல்லுக்கு என்ன வேலை என்பாய். ஐப்பசி மழை விட்டதும் இடுக்கெல்லாம் கோரை முளைக்கும். கல்லை வாரிக் கொட்டிவிட்டுத்தான் கிழங்கைத் தோண்ட முடியும். கோனோகார்பஸ் வைக்கக் கூடாதென்று அரசே 2025-இல் தடை போட்டாயிற்று.

புதுச்சேரிக்குக் காரில் பறக்கிறாயே, மரக்காணம் தாண்டிப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் என்றாவது இறங்கியிருக்கிறாயா? அங்கே யாரும் குழாய் பிடிப்பதில்லை, உரம் போடுவதில்லை. காசான் மரங்களைப் பார். தடித்த, பளபளப்பான சின்ன இலை. பூக்கும்போது கிளையோடு ஒட்டிக்கொண்டு ஊதா கலந்த நீலத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வீரை, உலக்கைப்பாலை, களா எல்லாம் இந்தக் கடற்கரைக் காட்டுச் சொந்தங்கள்தாம். ஆறு மாத வெயிலும் மூன்று மாத அடைமழையும் அவற்றுக்குப் பழகிப்போனவை.

"மெதுவாக வளருமே!" என்பாய். அதுதானப்பா வேண்டும்! மெதுவாக வளர்வதை அடிக்கடி வெட்ட வேண்டாம். அவசர நிழலுக்கு வைத்த குல்மொஹர்கள் 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் கிடந்த கோலத்தை மறந்துவிட்டாயா?

வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும். போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆடும் வாய் வைக்காது. அம்மா பூஜைக்குப் பூ கேட்பாள். நந்தியாவட்டையும் பவழமல்லியும் வை. குழந்தை இருக்கிற வீடு, அரளி வேண்டாம்.

நடும் காலத்தில்தான் நீ கோட்டை விடுவாய். லீவு கிடைத்ததென்று சித்திரையில் குழி தோண்டாதே. புரட்டாசிக் கடைசியில் நடு; வேர் பிடிக்கிற வேலையை மழை பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மண்ணை மேடாக்கி நடு. முதல் கோடைக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் செடிக்கொரு குடம் ஊற்று. அதற்கும் சலித்துக்கொண்டால் பிளாஸ்டிக் செடி வாங்கிக்கொள், நான் கேட்கவில்லை.

செடியைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் போடு. உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தாதே. அதுதான் உன் உரம், உன் ஈரம். பாம்பு வரும் என்று உடனே பயப்படுவாய். பாம்பு எலிக்காக வருகிறது. எலி, கட்டி முடித்தபின் நீ கொல்லையில் குவித்திருக்கும் உடைந்த செங்கல்லுக்கும் பலகைக்கும் வருகிறது. முதலில் அதை அப்புறப்படுத்து. வீட்டுச் சுவரையொட்டி மூன்றடி அகலத்துக்கு மண்ணைத் துப்புரவாக வை, போதும்.

புரட்டாசியில் நானும் வருகிறேன். மண்வெட்டியும் கடப்பாரையும் இரவல் வாங்கி வை. கூழாங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேள்.

அன்புடன்,
அண்ணன்