கராத்தே வகுப்பு ஏமாற்றமா? கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள்

பணம் கட்டியும் பிள்ளைக்கு ஒழுங்காகப் பயிற்சி தரவில்லையா? கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் இருந்தபடியே இவற்றைச் செய்யலாம்.

1. முதலில் மாஸ்டரிடம் நேரில் பேசுங்கள். ஈடு வகுப்போ பணமோ அங்கேயே கிடைத்துவிடலாம்.

2. ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. ரசீது தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு.

3. நடக்காத வகுப்புகளைத் தேதியோடு எழுதுங்கள். ‘பிள்ளைக்குப் பிடிக்கவில்லை’ என்ற வாதம் எடுபடாது. ‘சொன்ன வகுப்பு நடக்கவில்லை’ என்பது எடுபடும்.

4. நடந்த வகுப்புகளுக்கான தொகையையும், பிள்ளை உடுத்திய சீருடையின் விலையையும் கழித்துக் கேளுங்கள். நியாயமான கணக்கை மறுப்பது கடினம்.

5. 15 நாள் கெடு வைத்து, விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தபால் ரசீது பின்னால் உதவும்.

6. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, வழக்கில்லாமலே தீர்த்துவைக்க முயல்வார்கள்.

7. அதற்கும் மசியாவிட்டால், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதியுங்கள். மனு கொடுக்க 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

8. தள்ளிப்போடாதீர்கள். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.

அடுத்த முறை மாதாமாதம் கட்டுங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்துவது எளிது.