ஜாலிக்குச் சொன்னாலும் வலிக்கும்

பிங்க் சட்டை போட்டு வந்த நண்பனை என் மகன் ‘டேய் கே (gay)!’ என்று கிண்டல் செய்கிறான். கேட்டால், ‘சும்மா ஜாலிக்கு’ என்கிறான். விட்டுவிடலாமா?
– வாசகி, மதுரை

விடாதீர்கள், அம்மா. அவனுக்கு அது ஜாலி. தன் மனதில் இருப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கோ, ‘நீ கேவலமானவன்’ என்றுதான் காதில் விழும். வயதுவந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் ஒருபாலுறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அதை நாம் வசவாக்கலாமா?

திட்ட வேண்டாம். இன்று ராத்திரி தோசை வார்க்கும்போது கேளுங்கள்: “சட்டை பிடிக்கலைன்னா சட்டையைச் சொல்லு. இன்னொருத்தரோட வாழ்க்கையை ஏன்டா வசவாக்குற?” பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும். நாளைக்கே அந்த நண்பனிடம் ஒரு ‘சாரி’யும் சொல்லச் சொல்லுங்கள்.