அமைதியூட்டும் மாத்திரையும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும்

மனக்கலக்கத்திற்கும் உறக்கமின்மைக்கும் தரப்படும் அல்பிரசோலம், மிடசோலம், டிரையசோலம் ஆகிய மருந்துகள் உடலில் நிலைத்துத் தங்குவதில்லை. குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சைட்டோகுரோம் 3ஏ4 என்னும் நொதி அவற்றைச் சிதைத்துவிடுகிறது. இந்நொதியின் செயலை வன்மையாகத் தடுப்பது ரிட்டோனவிர் ஆகும்.

1996ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. மருந்தாக வழக்கிற்கு வந்த ரிட்டோனவிர், இன்று பெரும்பாலும் சிற்றளவில், வேறொரு மருந்துக்குத் துணையாகவே தரப்படுகிறது. அட்டசனவிர், லோபினவிர், கோவிட் நோய்க்கான நிர்மட்ரெல்விர் ஆகியவை விரைவில் சிதையாமல் காப்பதே அதன் பணி. ஆயினும், எம்மருந்தைக் காக்க வேண்டும் என்று தெரிந்தெடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. மடையை அடைத்தபின்னும் வாய்க்கால் நீர் வந்துகொண்டிருந்தால் ஏரி என்னவாகும்? வகுப்பில் விளக்குவோர்க்கு இவ்வுவமையே போதும்.

டிரையசோலத்தின் அளவு குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும்; ரிட்டோனவிருடன் சேர்ந்தபோது 41 மணி நேரம் ஆயிற்று என 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அல்பிரசோலத்திற்கு 13 மணி 30 மணியாயிற்று. வழக்கமான அளவே மிகையளவாகிவிடுகிறது என்பது இதன் பொருள். மீளா உறக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை ஆகியன முதற் குறிகள். மூச்சு மந்தமானால் உயிருக்கே இடையூறு. முதியோர்க்கும் மது அருந்துவோர்க்கும் இவ்விடர் மிகுதி.

ஆகவே வாய்வழி மிடசோலமும் டிரையசோலமும் ரிட்டோனவிருடன் தரத்தகாதவை. லோரசிபாம் வேறு வழியாகச் சிதைவதால் மருத்துவர் சிலவேளை அதனைத் தேர்வர். டொலுடெகிராவிர் அடங்கிய எச்.ஐ.வி. மாத்திரை இந்நொதியைத் தடுப்பதில்லை. அதனை மட்டும் உண்போரை இது குறித்து அச்சுறுத்த வேண்டுவதில்லை.

களப்பணியாளர் ஒன்று கருதுக. 'அல்பிரசோலம் உண்கிறீர்களா?' என்று வினவினால் பெரும்பாலோர் இல்லை என்பர். 'நரம்பு மாத்திரை', 'தூக்க மாத்திரை' என்று கேட்டால் பழைய அட்டையை எடுத்துக் காட்டுவர். அவ்வட்டையை மருத்துவரிடம் காட்டச் செய்க. எம்மருந்தையும் தாமே நிறுத்துமாறு கூறற்க: நாள்தோறும் உண்ட அமைதியூட்டியைத் திடீரென விட்டால் வலிப்பு வரக்கூடும், எச்.ஐ.வி. மருந்தை விட்டால் வைரஸ் மீண்டும் பெருகும். ரிட்டோனவிரை நிறுத்திய பின்னரும் அதன் தடை சில நாட்கள் நீடிக்குமாதலால், கோவிட் மருந்து முடிந்த மறுநாளே பழைய தூக்க மாத்திரைக்குத் திரும்பலாகாது.