இழந்ததைச் சீர்செய்வது படைப்பை மாற்றுவதாகுமா?

புகையிலை, பாக்குப் பழக்கங்களால் வாயில் புற்றுநோய் கண்டவர்களுக்கு நாக்கின் ஒரு பகுதியையோ தாடை எலும்பையோ வெட்டியெடுக்க நேரிடுகிறது. அவ்விடத்தை உடலின் வேறு பாகத்துத் தோலாலும் எலும்பாலும் டாக்டர்கள் சீர்செய்கிறார்கள். ‘இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?’ என நம்மில் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் நோய் காத்திருக்காது.

இதற்கு விடை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள், ஜாஹிலிய்யாக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூதாவூது, திர்மிதீ, நஸாயீ கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதை நாமறிவோம். அதுவே இங்கு அனுமதிக்கப்பட்டதென்றால், தன் சொந்தத் தோலையும் எலும்பையும் கொண்டு சீர்செய்வதில் தடை ஏது?

ஸூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம் கண்டிக்கும் மாற்றத்தில், குறையில்லா உறுப்பை வெறும் அழகுக்காக மாற்றுவதையே உலமாப் பெருமக்கள் சேர்க்கிறார்கள். நோயால் இழந்ததை மீட்பது சிகிச்சையாகும்.

இச்சிகிச்சை முகத்தோற்றத்துக்காக மட்டுமன்று. விழுங்கவும் மெல்லவும் பேசவும் வேண்டியே செய்யப்படுகிறது. முன்கைத் தோலை இரத்தக் குழாய்களுடன் எடுத்து, மைக்ராஸ்கோப் உதவியால் கழுத்துக் குழாய்களுடன் இணைப்பார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை எடுத்துத் தாடையாக அமைக்கும் முறை 1989 முதல் கையாளப்படுகிறது. உடலின் பாரத்தைத் தடித்த எலும்பே தாங்குவதால் நடக்கவும் முடிகிறது.

கன்னத்தின் வெளிப்புறம் வைத்த தோல், ஆறியபின் முகத்தைச் சேர்ந்ததே. ஒளுவில் அதைக் கழுவவேண்டும். ஆறும்வரை தண்ணீர் படக்கூடாதெனில் மஸ்ஹு, தயம்மும் ஆகிய சலுகைகள் உண்டு. தத்தம் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டுக்கொள்க. நாக்குக் குழறினாலும், இயன்றவரை ஓதித் தொழுதால் போதுமானது. சக்திக்கு மேல் அல்லாஹ் யாரையும் சோதிப்பதில்லை.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. வாயோரம் எச்சில் வடிகிறதென்று அவரைச் சஹனிலிருந்து ஒதுக்காதீர்கள். அவர் பேச்சு விளங்காவிட்டால் பொறுமையோடு மறுபடி கேளுங்கள். ஆபரேஷன் ஆற்றாத காயத்தை அந்த அன்பு ஆற்றும்.

வல்ல நாயன் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.